அத்தியாயம் 9: நாட்டுப்புறச் சாலையில் டம்ப் ஸ்டேஷன்

அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் ஆர்.வி. எனும் வீட்டு வண்டியை ஓட்டுகிறவர்களுக்குப் பெட்ரோல் பெரிய கவலை இல்லை. சவுத் டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரிலிருந்து ரேப்பிட் சிட்டி வரை ஐ-90 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 350 மைல். வழியெங்கும் பங்க் உண்டு. நான்கு பேர் மூன்று நாள் குளித்து, சமைத்து, கழிப்பறை போய்ச் சேர்ந்த கழிவை இறக்க இடம் கிடைப்பதுதான் கவலை. நெடுஞ்சாலையை விட்டு விலகி மாட்டுப் பண்ணைகளும் கோதுமை வயல்களும் மட்டுமே இருக்கும் பகுதிக்குள் போய்விட்டால் அடுத்த டம்ப் ஸ்டேஷன் 60 மைலில் இருக்கலாம், 100 மைலிலும் இருக்கலாம். அதனால் பயணத் திட்டம் போடும்போது எங்கே தங்குவது என்று குறிக்கும் அதே தாளில், எங்கே கழிவை இறக்குவது என்பதையும் குறித்துவிடுங்கள். தொட்டி நிரம்பிய பிறகு தேடத் தொடங்குகிறவர்கள்தான் செய்யக்கூடாததைச் செய்கிறார்கள்.

தொட்டி எத்தனை நாள் தாங்கும்

வண்டியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. சமையலறை சிங்க்கிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வரும் அழுக்குத் தண்ணீர் கிரே டேங்கில் சேரும். கழிப்பறைக் கழிவு பிளாக் டேங்கில் சேரும். வாடகைக்குக் கிடைக்கும் நடுத்தர வண்டிகளில் கழிவுத் தொட்டி ஒவ்வொன்றும் பெரும்பாலும் 30 முதல் 40 கேலன், அதாவது சுமார் 115 முதல் 150 லிட்டர் கொள்ளும். உங்கள் வண்டியின் அளவு ஒப்பந்தத்தோடு தரும் கையேட்டில் இருக்கும். சாவி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் நிரம்புவது கிரே டேங்க். ஆர்.வி. ஷவரில் நிமிடத்துக்குச் சுமார் 2 கேலன் தண்ணீர் வரும் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளித்தாலே 40 கேலன் போய்விடும். ஒரே காலையில் தொட்டி நிறைந்துவிடும். உடம்பை நனைத்துவிட்டு ஷவரை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசினால் கால்வாசித் தண்ணீரில் குளியல் முடியும். தண்ணீர், கழிவு இணைப்பு வசதி இல்லாத இடங்களில் இதற்கு மாற்று இல்லை.

நம் வீட்டுப் பழக்கங்கள் இரண்டை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். நம் சமையலில் அரிசி களைந்த தண்ணீர், புளிச் சக்கை, தாளித்த எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை எல்லாம் சிங்க்கில்தான் போகும். கடுகும் பருப்பும் தொட்டியைத் திறந்து மூடும் வால்வின் ரப்பர் விளிம்பில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. எண்ணெய் தொட்டிச் சுவரில் படிந்து ஜூலை வெயிலில் நாறும். தட்டையும் வாணலியையும் முதலில் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். சிங்க் வாயில் மெல்லிய வலைச் சல்லடை ஒன்று போட்டுவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்துவது. பிளாக் டேங்குக்கு இது நல்லதே. திடக்கழிவு கரைந்து இளகி இருக்கும், காகிதம் குறைவாகச் சேரும். ஆனால் தொட்டி வேகமாக நிறையும். நான்கு பேர் ஒரு 30 கேலன் தொட்டியை ஐந்து நாள் ஓட்டலாம் என்று மற்றவர்கள் சொல்வதை நம்பித் திட்டமிடாதீர்கள். மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் இருக்கும் அளவு காட்டும் விளக்குகளையும் நம்ப வேண்டாம். பிளாக் டேங்கின் உள்ளே உணர்முனையில் காகிதம் ஒட்டிக்கொண்டால், காலி செய்த பிறகும் முக்கால் என்றே காட்டும். நாள் கணக்குதான் சரியான அளவுகோல்.

எங்கே கிடைக்கும்

சாலையோரத்தில் நீலப் பலகையில் ஒரு வண்டியின் படமும் கீழ்நோக்கிய அம்புக்குறியும் இருந்தால் அது டம்ப் ஸ்டேஷன். நாட்டுப்புறத்தில் அந்தப் பலகை எப்போதும் இருக்காது.

மாநிலப் பூங்காக்கள்தான் முதல் நம்பிக்கை. முகாம் வசதியுள்ள மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் டம்ப் ஸ்டேஷன் உண்டு. அங்கே தங்குகிறவர்களுக்கு இலவசமாக இருக்கலாம். மற்றவர்கள் நுழைவுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையும் கட்ட வேண்டியிருக்கும். சவுத் டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்கா போன்ற பெரிய பூங்காவில்கூட முகாம்கள் பல இருந்தாலும் டம்ப் ஸ்டேஷன் எல்லா முகாமிலும் இல்லை. உள்ளே நுழையும்போதே எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். தேசியப் பூங்காக்களிலும் இப்படித்தான். எல்லோஸ்டோனில் மேடிசன், கிரான்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே முகாம்களில் உண்டு. கிரான்ட் டீட்டனில் கோல்டர் பேயிலும் க்ரோ வாந்த்திலும் உண்டு. சிறிய முகாம்கள் பலவற்றில் கிடையாது.

அடுத்தது பங்குகள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் போன்ற லாரி நிறுத்தங்கள் சிலவற்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள். வடக்குச் சமவெளியின் சின்ன ஊர்களில் செனெக்ஸ் என்ற பெயர்ப் பலகையைத் தேடுங்கள். அந்தப் பங்குகள் பெரும்பாலும் உள்ளூர் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமானவை. அவற்றில் சிலவற்றில் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ டம்ப் ஸ்டேஷன் இருக்கும். பெட்ரோல் போட்டால் இலவசம் என்று எழுதியிருப்பதும் உண்டு.

பலரும் தேடாத இடம் ஒன்று இருக்கிறது: ஊராட்சி. நெப்ராஸ்கா, கான்சஸ், டகோட்டா மாநிலங்களில் சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர்கள்கூடத் தங்கள் பூங்காவில் நான்கைந்து வண்டிகளுக்கு இடம் ஒதுக்கி, ஓரத்தில் ஒரு டம்ப் குழியும் வைத்திருக்கின்றன. மாவட்டத் திருவிழா மைதானங்களிலும், ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும் இருக்கும். கட்டணத்துக்கு ஆள் இருக்க மாட்டார். கம்பத்தில் ஓர் இரும்புப் பெட்டியும் உறைகளும் இருக்கும். 5 டாலர், 10 டாலர் நோட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத பெட்டி என்று நினைத்துக் கட்டாமல் போகாதீர்கள்; அந்தக் காசில்தான் அந்தக் குழி அடுத்த கோடையிலும் திறந்திருக்கும்.

தனியார் முகாம்கள் தங்காதவர்களையும் சில சமயம் அனுமதிக்கும். 1962-இல் மான்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய கே.ஓ.ஏ. முகாம்கள் பலவற்றில் கேட்டுப் பார்க்கலாம். கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவதே மரியாதை. நெடுஞ்சாலை ஓய்விடங்களைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அயோவாவில் சில ஓய்விடங்களில் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்.வி. பதிவுக் கட்டணத்தோடு இதற்கென்று 3 டாலர் வசூலித்து ஓய்விடங்களில் டம்ப் ஸ்டேஷன்களைப் பராமரிக்கிறார்கள். பல மாநிலங்களில் ஓய்விடங்களில் அறவே கிடையாது. வால்மார்ட் கடைகளின் நிறுத்தத்தில் இரவு தங்க விடலாம், ஆனால் அங்கே கழிவை இறக்கும் வசதி இருக்காது.

சானிடம்ப்ஸ், ஐஓவர்லேண்டர், கேம்பெண்டியம் போன்ற செயலிகளிலும் தளங்களிலும் பட்டியல் இருக்கிறது. பயன்படுத்துங்கள், ஆனால் கடைசியாக யார், எந்த மாதம் அந்த இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய தகவல் நாட்டுப்புறத்தில் பயன்படாது. சமவெளியில் பல மைல் தூரத்துக்கு செல்போன் சிக்னல் இருக்காது என்பதால், கிளம்பும் முன்பே வரைபடத்தை இறக்கி வைத்து, ஒவ்வொரு நாளும் வரும் வழியில் ஒன்றும் அதற்கு மாற்றாக இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனில் கூப்பிடுங்கள். இன்று திறந்திருக்கிறதா, எவ்வளவு, கழுவத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, 30 அடி வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று கேட்டால் போதும். ஊர் அலுவலகங்கள் மாலை சீக்கிரம் மூடிவிடும். ஐ-90-இல் கிழக்கு நோக்கி வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கடோகாவுக்கும் மர்டோவுக்கும் இடையே நேர மண்டலம் மாறும், கையிலிருந்து ஒரு மணி நேரம் போய்விடும்.

இடம் கிடைத்தால் தொட்டி அரைகுறையாக இருந்தாலும் இறக்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. குறிப்பாக மலை ஏறும் முன். வயோமிங்கின் பஃபலோவிலிருந்து யு.எஸ். 16 சாலையில் பிக் ஹார்ன் மலையைக் கடக்கும்போது பவுடர் ரிவர் கணவாய் 9,666 அடி உயரத்தில் இருக்கிறது. 40 கேலன் கழிவு என்பது 150 கிலோ எடை. இரண்டு தொட்டியும் நிறைந்திருந்தால் 300 கிலோவை வீணாக மேலே இழுத்துப் போய், அதே எடையோடு பிரேக்கை மிதித்தபடி இறங்க வேண்டும்.

ஆனால் பிளாக் டேங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருந்தால்தான் கழிவு வேகமாக வெளியேறும். குறைவாக இருந்தால் நீர் ஓடிவிட்டுத் திடப்பொருள் அடியில் தங்கும். அதனால் இறக்குவதற்கு முந்தைய இரவு, தொட்டி பாதியாக இருந்தால், கழிப்பறை வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மறுநாள் ஓட்டும்போது அந்தத் தண்ணீர் குலுங்கி உட்சுவரைக் கழுவித் தரும்.

இறக்கும் முறை

கோடையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து நண்பகல் வரை முகாமை விட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அதற்கு முன்பே போங்கள், இல்லையென்றால் மாலை நான்கு மணிக்குப் போங்கள். புதிதாகச் செய்கிறவர்களுக்குப் பின்னால் ஆறு வண்டிகள் காத்திருக்கும்போதுதான் தவறு நடக்கும்.

அமெரிக்க வண்டிகளில் கழிவு வெளியேறும் குழாய் ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம் இருக்கும். குழி உங்கள் இடப்பக்கம் வரும்படி நுழையுங்கள். பல இடங்களில் ஒருவழிப் பாதைதான்; எதிர்த்திசையில் நுழைந்தால் கழிவு ஹோஸ் எட்டாது. குழாயின் வாய் குழிக்கு ஓரிரு மீட்டருக்குள் வரும்படி நிறுத்திக் கைப்பிரேக் போடுங்கள். கழிப்பறை மேற்கூரை விசிறி ஓடினால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தொட்டியின் நாற்றம் வண்டிக்குள் இழுக்கப்படும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தூக்கி எறியும் வகையே நல்லது. குழாய் மூடியைத் திறப்பதற்கு முன் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றனவா என்று கைப்பிடியைத் தள்ளிப் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் சொட்டும். கீழே ஒரு பழைய வாளி வையுங்கள். சொட்டு ஓட்டமாக மாறினால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். உடனே மூடியைத் திரும்பப் போட்டு, ஹோஸைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

ஹோஸின் வளைய முனையைக் குழாயில் பொருத்தித் திருகினால் கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். பிடித்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மறுமுனையை, முழங்கை வளைவுள்ள பகுதியை, குழிக்குள் இறக்குங்கள். ஊர்ப் பூங்காக்களில் குழி என்பது சிமென்ட் தளத்தில் நான்கு அங்குலக் குழாய், அதன் மேல் இரும்பு மூடி, அவ்வளவுதான். ஹோஸைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. மூடியையோ ஒரு செங்கல்லையோ ஹோஸின் மேல் வையுங்கள். வால்வைத் திறந்த முதல் வினாடியில் வரும் வேகத்தில் ஹோஸ் துள்ளும். அந்த ஒரு வினாடிக்காகத்தான் இந்தச் செங்கல்.

முதலில் பிளாக் டேங்க். கைப்பிடியை ஒரே இழுப்பில் முழுதாக இழுங்கள். ஓசை குறைந்து சொட்டும்வரை நில்லுங்கள். ஹோஸோடு சேரும் இடத்தில் கண்ணாடி போன்ற ஒளிபுகும் இணைப்பு ஒன்று வாங்கிப் பொருத்தியிருந்தால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்தே முடிவு செய்யலாம். சில டாலர்தான், கட்டாயம் வாங்குங்கள். பிறகு வால்வை மூடி, கழிப்பறை வழியாக இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி மறுபடி திறங்கள். தெளிவாக வரும்வரை இதைச் செய்யலாம், பின்னால் வரிசை இல்லாவிட்டால்.

பிளாக் வால்வை மூடிய பிறகுதான் கிரே வால்வைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே குழாயில் வந்து சேர்வதால், இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் ஒரு தொட்டியின் தண்ணீர் மற்றதற்குள் ஏற வாய்ப்புண்டு. கிரே தண்ணீர் சோப்புத் தண்ணீர். அது போகும் வழியிலேயே ஹோஸைக் கழுவிவிடும். பிளாக் முதலில், கிரே பிறகு என்ற வரிசைக்கு இதுவே காரணம்.

எல்லாம் வடிந்ததும் இரண்டு வால்வையும் மூடி, வண்டிப் பக்க முனையைக் கழற்றி உயர்த்திப் பிடித்தபடி குழியை நோக்கி நடந்தால் ஹோஸில் தங்கியது இறங்கிவிடும். குழி அருகே இருக்கும் குழாயில் ஹோஸை அலசி, தளத்தில் ஏதாவது சிந்தியிருந்தால் அதையும் கழுவி உள்ளே தள்ளுங்கள். அது முந்தியவர் சிந்தியதாக இருந்தாலும் கழுவிவிடுங்கள். மூடியை மூடி, கையுறையைக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கடைசியாகக் கழிப்பறையில் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த தொட்டியில் விழும் முதல் கழிவு அடியில் ஒட்டிக்கொண்டு பிறகு அசையவே அசையாது.

அந்தக் கழுவும் குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட நல்ல தண்ணீர்த் தொட்டிக்குப் போகக்கூடாது. அதன் நுனியை உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் தங்கள் கழிவு ஹோஸுக்குள் நுழைத்துக் கழுவியிருப்பார்கள். குடிநீர்க் குழாய் தனிக் கம்பத்தில், சில மீட்டர் தள்ளி இருக்கும். வண்டியை முன்னே நகர்த்தி அங்கே பிடியுங்கள். குடிநீர் ஹோஸும் கழிவைக் கழுவும் ஹோஸும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பெட்டியில் இருக்கட்டும்.

கழிவு ஹோஸை நிரந்தரமாக மாட்டிவைக்கும் வசதியுள்ள முகாமில் தங்கினாலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு மேடாகக் குவிந்து இறுகிவிடும். பிறகு அதை எடுக்கத் தனி ஆள் கூப்பிட வேண்டிவரும்.

குழிக்குக் கீழே என்ன இருக்கிறது

பெருநகரத்தில் நீங்கள் இறக்குவது பெரிய சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ச் சேரும். நாட்டுப்புறத்தில் அப்படி இல்லை. பூங்காக் குழிக்குக் கீழே பெரும்பாலும் ஒரு செப்டிக் தொட்டிதான் இருக்கும். சின்ன ஊர்களின் கழிவுநீர் ஊருக்கு வெளியே மண்ணில் வெட்டிய குட்டைகளுக்குப் போய், வெயிலிலும் பாக்டீரியாவிலும் மெல்ல மெல்லச் சுத்தமாகும். இரண்டிலும் வேலை செய்வது உயிருள்ள பாக்டீரியா. தொட்டி நாற்றத்தைப் போக்க நாம் போடும் ஃபார்மால்டிஹைட் கலந்த நீல மருந்து அந்தப் பாக்டீரியாவையே கொல்லும். செப்டிக் தொட்டி செத்துவிட்டால் கழிவு அரைகுறையாகவே நிலத்துக்குள் இறங்கும். பக்கத்துப் பண்ணை வீட்டின் கிணறு அதே நிலத்தடி நீரை நம்பியிருக்கும்.

புட்டியின் பின்புறம் படித்துப் பாருங்கள். ஃபார்மால்டிஹைட், புரோனோபால் என்ற பெயர்கள் இருந்தால் வைத்துவிட்டு, என்சைம் வகை மருந்தை எடுங்கள். உண்மையில் போதுமான தண்ணீர் ஊற்றினால் பல சமயம் மருந்தே தேவைப்படாது. ஈரத் துடைப்பான், நாப்கின், சமையலறைக் காகிதம் எதுவும் கழிப்பறையில் போகக்கூடாது. உறையில் கரையும் என்று எழுதியிருந்தாலும் ஈரத் துடைப்பான் கரையாது. ஆர்.வி. அல்லது செப்டிக்குக்கு ஏற்றது என்று குறித்த காகிதம் மட்டும் போதும். வண்டியில் குழந்தைகள் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஊரார் இந்தக் குழிகளைப் பூட்டுவதற்குக் காரணம் அடைப்பும், சிந்திவிட்டுப் போகும் அசிங்கமும், நடு இரவில் கொட்டப்படும் குப்பையும்தான். பூட்டிய பிறகு அந்த வழியாக வரும் ஒவ்வொரு வண்டியும் இன்னும் 50 மைல் ஓட வேண்டும்.

இடமே கிடைக்காவிட்டால்

முதலில் தண்ணீர்ச் செலவை நிறுத்துங்கள். காகிதத் தட்டு, முகாமின் பொதுக் கழிப்பறை, பங்கில் கட்டணக் குளியல் என்று ஒரு நாள் சமாளிக்கலாம். கிரே டேங்கை மட்டும் சாலையோரத்தில் திறந்துவிடலாமே, சோப்புத் தண்ணீர்தானே என்று தோன்றும். தேசியப் பூங்காக்களில் அது சட்டப்படி குற்றம். மற்ற அரசு நிலங்களில் விதி இடத்துக்கு இடம் வேறுபடும். விதி எதுவானாலும் செய்யாதீர்கள். எச்சில் கலந்த அந்தத் தண்ணீர் கரடியையும் ஈயையும் அந்த இடத்துக்குப் பழக்கும்.

ஒரே இடத்தில் பல நாள் தங்குகிறவர்கள் சக்கரம் வைத்த சிறு கழிவுத் தொட்டி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதில் இறக்கி, டம்ப் ஸ்டேஷன் வரை இழுத்துப் போய்க் காலி செய்யலாம். கனமானது, அருவருப்பானது, ஆனால் மொத்த முகாமையும் மடக்கிக் கட்டி வண்டியை நகர்த்துவதைவிட எளிது.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கு மாநிலங்களில் பூங்கா டம்ப் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்கும் என்பதால் நிறுத்திவிடுவார்கள். அப்போது லாரி நிறுத்தங்களும் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும்தான் வழி, அங்கேயும் கழுவத் தண்ணீர் இருக்காது. இரண்டு மூன்று கேன் தண்ணீரை வண்டிக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.

வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தொட்டிகள் காலியாக இல்லாவிட்டால் ஒப்பந்தப்படி தனிக் கட்டணம் பிடிப்பார்கள். கடைசி நாள் காலையை இதற்கு ஒதுக்காதீர்கள். அலுவலகத்துக்கு அருகில் இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் முந்தைய மாலையே இறக்கி முடித்துவிட்டு, அளவு காட்டும் விளக்குகளைப் படம் எடுத்து, ரசீதையும் ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். அதன் பிறகு வண்டிக் குழாயைத் திறக்காதீர்கள்; அந்த இரவுக்குக் குடிக்கத் தனியாக நாலு பாட்டில் தண்ணீர் போதும்.